சிவப்புப் போனில் நான் சொன்ன விலை

மார்ச் 6, வியாழன்

இந்த நோட்டைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். போலீஸிடம் காட்டினால்கூடப் பரவாயில்லை. அப்பாவிடம் வேண்டாம்.

இன்று நான் ஒரு கம்பெனியின் அலுவலகப் பெண்ணாகப் பேசினேன். அந்தக் கம்பெனிக்கு மேஜை கிடையாது, நாற்காலி கிடையாது, ஆள் கிடையாது. அம்மா பெயரில் ஒரு ரப்பர் முத்திரை, சிவப்பு உறை போட்ட ஒரு போன். அவ்வளவுதான் கம்பெனி.

அப்பா பிளாஸ்டிக் குருணை விற்கிறார். கச்சா எண்ணெயிலிருந்து எங்கேயோ ஒரு பெரிய ஆலையில் செய்து, கப்பலில் வருவது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக இருக்கும். அதை உருக்கித்தான் வாளி, மூடி, சீப்பு எல்லாம் செய்கிறார்கள். எங்கள் வீட்டின் கீழே கிடங்கு, மேலே நாங்கள். என் பள்ளிப் பையிலும் காலுறையிலும்கூடக் குருணை கிடக்கும். துறைமுகத்தில் வாங்கினால் ஒரு முழுக் கப்பல் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். அந்த அளவுக்குப் பணமில்லாத சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் மூட்டைக் கணக்கில் அப்பாவிடம்தான் வருகிறார்கள்.

விலை அப்பா வைப்பதில்லை. அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விலைத்தாள் என்று ஒன்று வருகிறது. அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அந்த வாரம் முழுக்க விலை. அப்பா பட்டறைக்காரர்களோடு போடும் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்கும். விலைத்தாள் நடத்தும் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வியாழக்கிழமை மாலை ஐந்து வியாபாரிகளுக்குப் போன் செய்து, இந்த வாரம் கிலோ என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்பார். ஐந்து எண்களையும் வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்துப் போடுவார்.

அந்த ஐந்து போனில் மூன்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று இறந்துபோன ஒரு வியாபாரியுடையது. அவர் கடையை அப்பா வாங்கியபோது போனும் சேர்ந்து வந்தது. அதில் அப்பா இருமி இருமி, வயதானவர் மாதிரி பேசுவார். மூன்றாவது சிவப்புப் போன். இதுவரை அம்மா பேசிக்கொண்டிருந்தாள். போன வாரம் பேசும்போது அம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உங்கம்மா பொய் சொன்னா அடுத்த தெரு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிடும்," என்றார் அப்பா. "நீ பேசு. பள்ளிக்கூடத்துல பிரார்த்தனைக்கு மைக்ல பேசுறவதானே? என் வானொலி!"

பேசினேன். மேடம் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார். நான் ஒன்பதாவது படிக்கிறேன்.

"நூத்திப் பதினேழு, மேடம்."

"நன்றி, மிஸ்."

அவ்வளவுதான். அப்பா ஒரு சாக்லேட் கொடுத்தார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

விலைத்தாள் வந்தது. நூற்றிப் பதினேழு. என் எண்.

மார்ச் 12, புதன்

வாளி இன்று வகுப்பில் மூன்றாவது பீரியட் முழுக்கத் தூங்கினாள். (அவளுக்கு நான்தான் அந்தப் பெயர் வைத்தேன். அவள் அப்பா வாளி செய்கிறார். அவளும் என்னைக் 'குருணை' என்றுதான் கூப்பிடுவாள். வகுப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் நிஜப்பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.) விரல்களில் சின்னச் சின்ன வெட்டுகள். வாளி அச்சிலிருந்து வெளியே வந்ததும் விளிம்பில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்குமாம். கத்தியால் சீவ வேண்டும். அதற்கு வைத்திருந்த இரண்டு ஆளையும் அவள் அப்பா நிறுத்திவிட்டார். இப்போது அவளும் அவள் அம்மாவும்தான் சீவுகிறார்கள்.

"ஏன்டி நிறுத்தினாரு?"

"குருணை விலை இறங்கவே மாட்டேங்குதாம். எண்ணெய் விலை இறங்கிடுச்சுன்னு டிவில எல்லாம் சொல்றானுங்க. இது மட்டும் நிக்குது. எங்கப்பா ராத்திரி முழுக்க அந்த விலைத்தாளையே பாத்துட்டு இருக்காரு. பரீட்சைல ஃபெயிலான பையன் மார்க் ஷீட்டைப் பாக்குற மாதிரி."

நான் சிரித்தேன். அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் நூற்றிப் பதினேழு சொன்னேன்.

பேசுவதற்கு முன் வாளியின் அப்பா வந்திருந்தார். கீழே அலுவலக அறையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அப்பா உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க முதலாளி! என்ன, வாளியெல்லாம் நிறைஞ்சுடுச்சா?"

"கிலோவுக்கு ஒரு மூணு குறைச்சாக்கூடத் தாங்கிடுவேங்க. போற போக்குல வாளியை விக்கிறதைவிட மூட்டையை அப்படியே வெச்சிருந்தா நஷ்டம் கம்மியா இருக்கும் போல."

"நான் குறைக்க மாட்டேன்னா சொன்னேன்? என் கையில இருந்தா சும்மாவே தூக்கிக் குடுத்துடுவேன்." அப்பா விலைத்தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது நான் வெச்ச விலையா? படிங்க. அடியில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு? சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். "ஒருவரோடொருவர் தொடர்பில்லாத ஐந்து வியாபாரிகளிடம் விசாரித்து..."

"கேட்டுச்சா வானொலி? அவர் படிக்கிறது கேட்டுச்சா?"

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். வாளியின் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு மூடிக்காரம்மா வந்தார். டப்பாக்களுக்கு மூடி செய்கிறவர். கணவர் இல்லை, ஒரே ஒரு மெஷின், அதை அவரே ஓட்டுகிறார். நான் அவரை அத்தை என்பேன். அவரும் அதையே கேட்டார். அப்பா அவரையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

இரவு சாப்பிடும்போது அப்பா நல்ல குஷியில் இருந்தார். "உண்மை விலைங்கிறது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். வித்தவனுக்கும் வாங்கினவனுக்கும். ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டான். மூணாவதா ஒருத்தி போனைப் போட்டுக் கேக்குறா, பாவம். யாராச்சும் ஏதாச்சும் சொல்லணும்ல?"

துறைமுகத்தில் இன்று என்ன விலை என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல.

"நூத்தி மூணு," என்றார், ஒளிக்காமல். "உனக்கு எதுக்கு? நீ என்ன கப்பல் வாங்கப் போறியா?"

மார்ச் 16, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் மீதி இரண்டு பேர் துறைமுகத்துக்காரர்கள், அவர்கள் நூற்றி மூன்று, நூற்றி நான்கு என்கிறார்கள். அப்பா நூற்றிப் பத்தொன்பது. இறந்தவர் நூற்றிப் பதினெட்டு. நான் நூற்றிப் பதினேழு. வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது நான். ஒவ்வொரு வாரமும் நான்தான். அப்பாவும் இறந்தவரும் சும்மா எனக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

அப்படியென்றால் நான் நூற்றி மூன்று சொன்னால்?

நடு எண் நூற்றி நான்கு ஆகிவிடும்.

என் ஒரு வாயால். ஒரே நாளில். வாளி வகுப்பில் தூங்க மாட்டாள்.

அப்பா என்ன செய்வார்?

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். சொல்லியேவிட்டேன்! லாரி வந்துவிட்டதென்று அப்பா கீழே போனார். அம்மா மட்டும் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புப் போன் அடித்தது.

"நூத்தி மூணு, மேடம்."

"சரியாப் பாத்துச் சொல்றீங்களா மிஸ்?"

"சரியாத்தான் சொல்றேன்."

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமென்று எழுந்தேன். அதற்குள் அம்மாவின் சொந்தப் போன் அடித்தது. அந்த மேடம்தான். ஒரே வாரத்தில் எண் அதிகமாக இறங்கினால் முதலாளியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டுமாம், அது அவர்கள் விதியாம். எங்கள் கம்பெனிக்கு முதலாளி அம்மா.

அப்பா மாடியில் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். கீழே மூட்டை எண்ணும் சத்தம் கேட்டது. அம்மாவை யாரும் மிரட்டவில்லை.

"பொண்ணு தப்பாச் சொல்லிட்டா மேடம்," என்றாள் அம்மா. "நூத்திப் பதினேழுதான்." நாக்கு ஒட்டவே இல்லை. தெளிவாகச் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்து, "அவருக்கு வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா நீ செத்த. நானே சொல்லிடுறேன்," என்றாள். காயை மூடி வைத்துவிட்டுக் கீழே போனாள்.

இப்போது அப்பா படியேறி வருகிறார்

மார்ச் 21, வெள்ளி

அப்பா கத்தவில்லை. கை ஓங்கவில்லை. கிடங்கிலிருந்து ஒரு கை நிறையக் குருணை கொண்டுவந்து கூடத்துத் தரையில் தூவினார், பரப்பினார், சமமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்.

"மண்டி போடு."

போட்டேன்.

"இப்ப விலை என்ன?"

"நூத்திப் பதினேழு."

"கேக்கலை. பள்ளிக்கூடத்துல மைக்ல எப்படிச் சொல்லுவ?"

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் போன் வந்தது. யாரிடமோ சிரித்துப் பேசினார், நான் நிறுத்தினால் விரலைச் சொடுக்கினார். குருணை உருண்டையாக இருக்கும், குத்தாது என்று நினைத்திருந்தேன். எலும்புக்கும் தரைக்கும் நடுவில் போனால் வேறு மாதிரி.

அம்மா எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். எண்ணெயை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தாள். "நாளைக்குச் சாயந்தரம் நீலமாகும். திங்கக்கிழமைக்குள்ள போயிடும். அதுவரைக்கும் நீளமான பாவாடை போட்டுக்கோ," என்றாள்.

எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

போய்விட்டது. அம்மா சொன்னபடியே.

மார்ச் 27, வியாழன்

அப்பா இனிமேல் அருகிலேயே உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. "என் பொண்ணு ஒரு தடவை பட்டா போதும், கெட்டிக்காரி," என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார். அம்மா குளிக்கப் போயிருந்தாள். மேடம் பேசியபோது நான் முதலில் நூற்றிப் பதினேழு என்றேன். பிறகு என் வாய் நிற்கவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நாங்க வேற வேற கம்பெனி இல்லை. மூணு போனும் ஒரே வீட்டுலதான் இருக்கு. ஒரே மேஜைல. நான் ஸ்கூல் படிக்கிறேன்."

"தெரியும்மா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மூணு பேர் எப்பவும் ஒண்ணா ஏறுறாங்க, ஒண்ணா நிக்கிறாங்க. ரெண்டு பேர் மட்டும் தனியா இறங்குறாங்க. இத்தனை வருஷமா இதே வேலை பாக்குறேன். எனக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்போ ஏன் மேடம் எழுதுறீங்க?"

"அஞ்சு பேர் இல்லாம விலை போடக் கூடாதுன்னு எங்க ஆபீஸ் விதி. உங்க மூணையும் எடுத்துட்டா எங்கிட்ட ரெண்டுதான் இருக்கும். ரெண்டை வெச்சு விலை போட முடியாது. விலை இல்லைன்னா தாள் இல்லை. தாள் இல்லைன்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." பெருமூச்சு மாதிரி ஏதோ. "நூத்திப் பதினேழுன்னு எழுதிக்கிறேன். எத்தனாவது படிக்கிற?"

"ஒன்பதாவது."

"நல்லாப் படிம்மா," என்று வைத்துவிட்டார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

வாளி பள்ளியிலிருந்து நிற்கப்போகிறாளாம். அடுத்த மாதத்திலிருந்து முழு நேரமும் பட்டறையில். "பிசிறு சீவ டிகிரி எதுக்குடி?" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொன்னேன். வாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று போன், இருமல், நடு எண், நூற்றி மூன்று, மேடம் சொன்னது வரை. பள்ளியில் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் சுவர் ஓரம் நின்று அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டாள். இடையில் இரண்டு முறை நிறுத்தி, "இரு இரு, அதை மறுபடி சொல்லு," என்றாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதடி. என் மேல சத்தியம் பண்ணு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளிடம் உருகிய பிளாஸ்டிக் வாசனை அடித்தது.

எத்தனை நாளுக்குப் பிறகு இன்று பசிக்கிறது!

ஏப்ரல் 3, வியாழன்

மணி என்னவென்று தெரியவில்லை.

வாளியின் அப்பா வந்தார். நான் படியில் பாதியில் உட்கார்ந்து கேட்டேன். இந்த முறை அவர் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"வாங்க முதலாளி, என்ன இன்னைக்கு..."

"கப்பல் விலைக்கு எனக்கு மூட்டை வேணும்."

"அந்த விலைக்கு எனக்கே கிடைக்காதுங்க! விலைத்தாளைப் பாத்தீங்கன்னா..."

"தாள் இருக்கட்டும். மேல மேஜைல மூணு போன் இருக்காமே? நாலாவதா நான் ஒரு போன் போடட்டுமா? மூடிக்காரம்மாவுக்கு ஒண்ணு, சீப்புக்காரருக்கு ஒண்ணு. வரிசையாப் போடலாம். எனக்கு இருமத் தெரியாது, ஆனா சத்தமாப் பேசுவேன்."

நான் படியிலிருந்து எழுந்தே விட்டேன். சந்தோஷத்தில்தான்! மாட்டிக்கொண்டார், அப்பா மாட்டிக்கொண்டார். இனி எல்லாருக்கும் தெரியும், விலை இறங்கும்...

அப்பா சிரித்தார். பொய்ச் சிரிப்பு இல்லை, மனசு விட்டு. "ஏங்க, இதை முதல்லயே கேட்டிருக்கக் கூடாதா? நமக்குள்ள என்ன! கப்பல் விலைக்கே எடுத்துக்கோங்க. உங்களுக்கு மட்டும். வெளிய மூச்சு விடக் கூடாது."

"எனக்கு எதுக்குங்க ஊர் வம்பு? மத்தவன் நூத்திப் பதினேழுக்கு வாங்கினாத்தானே என் வாளி விலைபோகும்?"

டீ வந்தது. அம்மாதான் கொண்டுபோனாள். கப்புகள் வைக்கும் சத்தம். பிறகு அப்பா கேட்டார், சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோல:

"யாரு சொன்னா உங்களுக்கு?"

அவர் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பா வற்புறுத்தக்கூட இல்லை.

"உங்க பொண்ணுதான். தங்கமான பொண்ணுங்க. என் பொண்ணுகிட்ட அழுதுச்சாம், பாவம்."

பேரம் படிந்த பிறகு கொசுறு போடுவார்களே, அப்படிப் போட்டார் என்னை.

ஏப்ரல் 4, வெள்ளி

மண்டி போடச் சொல்லவில்லை.

காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தார். "இனிமே வியாழக்கிழமை நீ பேச வேணாம். படிக்கிற பொண்ணு, படி," என்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். விசிலடித்துக்கொண்டே. நான்கு திருகாணியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வானொலி ராத்திரில எந்த ஸ்டேஷன் வைக்குதுன்னு நமக்குத் தெரியணும்ல?"

இந்த நோட்டை இப்போது அலமாரிக்கு அடியில் வைக்கிறேன். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு எழுதுகிறேன். நாற்காலி என்ன தாங்கும்?

ஏப்ரல் 10, வியாழன்

வாளி வந்தாள். எங்கள் வீட்டுக்கு, என் நாற்காலிக்கு. சிவப்புப் போன் அவள் கையில்.

அவள் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். எண்ணை மட்டும் சொல்வதில்லை. "ஸ்டாக்கே இல்லை மேடம். கப்பல் லேட்டாகுதாம். எங்க முதலாளியம்மா ஒரே கவலைல இருக்காங்க." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே. நூற்றிப் பத்தொன்பது சொன்னாள். அப்பாவின் இரண்டு எண்ணும் அதற்கு மேலே ஏறின. அப்பா கைதட்டினார். அம்மாகூடச் சிரித்தாள்.

போகும்போது படியில் அவளை நிறுத்தினேன்.

"சத்தியம் பண்ணினியேடி."

"நான் எங்கப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவர் சொன்னதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" கொஞ்ச நேரம் செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு குருணை கிறீச்சிட்டது. "இங்க பாரு, நீ சொல்லலைன்னா எங்க பட்டறை போயிருக்கும். நான் ஸ்கூலுக்கு வரேன்னா உன்னாலதான். அதை மறக்க மாட்டேன். ஆனா இனிமே உங்கிட்ட எதையும் சொல்ல முடியாதுடி."

"ஏன்?"

"நீ சொல்லிடுவ."

அவள் விரலில் வெட்டெல்லாம் ஆறியிருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

நூற்றிப் பத்தொன்பது.

ஏப்ரல் 18, வெள்ளி

நூற்றி இருபத்தொன்று. வாளியின் அப்பா இப்போது டப்பா மூடியும் செய்கிறாராம். மூடிக்காரம்மா விற்பதைவிடக் குறைந்த விலையில். எப்படிக் கட்டுபடியாகிறதென்று ஊரே வியக்கிறதாம். "அவர் கெட்டிக்காரர், வேஸ்ட்டே விடமாட்டார்," என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வகுப்பில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. வாளி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. "அவ கிட்டப் பாத்துப் பேசுங்கடி," என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 26, சனி

நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் எழுதிவிட வேண்டும்.

மாலையில் மூடிக்காரம்மா வந்தார். அப்பாவும் வாளியின் அப்பாவும் வெளியே போயிருந்தார்கள். அலுவலக அறையில் நானும் வாளியும் மட்டும். அவள் இப்போது சனிக்கிழமைகளில் இங்கேயே தங்கிவிடுகிறாள்.

அத்தை உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவுமில்லை. மெஷினை விற்கப்போகிறாராம். நாளைக் காலை வாளியின் அப்பா வந்து கையெழுத்து வாங்கி, முன்பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறாராம், பழைய இரும்பு விலைக்கு.

"இன்னும் ஒரு மாசம்னா எப்படியாச்சும் ஓட்டிடுவேன் பாப்பா. விலை இறங்கும்னு தெரிஞ்சா போதும், மெஷினைக் குடுக்க மாட்டேன். உங்கப்பா கிட்டக் கேட்டா தாளைக் காட்டுவாரு. நீ வியாபாரக்காரர் வீட்டுப் பொண்ணு. வீட்டுல பேசிக்குவாங்கல்ல? உனக்குக் காதுல ஏதாச்சும் விழுந்துச்சா? இறங்குமா?"

துறைமுகத்தில் தொண்ணூற்றெட்டு. நேற்று அப்பா வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்.

வாளி மேஜையில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மிரட்டவில்லை. என்ன செய்கிறேன் என்று சும்மா பார்த்தாள்.

எனக்கு முழங்கால் வலித்தது. அங்கே ஒன்றுமே இல்லை, ஆறி ஒரு மாதமாகிறது. ஆனாலும் வலித்தது.

"ஏறும்னுதான் பேசிக்கிறாங்க அத்தை," என்றேன். "கப்பல் லேட்டாம். ஸ்டாக்கே இல்லையாம்."

நாக்கு ஒட்டவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு ஒட்டாதது மாதிரியே.

அத்தை என் கன்னத்தைத் தட்டினார். "நீயாச்சும் உண்மையைச் சொன்னியே," என்றார். "வேற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உன் முகத்துல பொய் வராது." வாசற்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வாளி எழுந்து வந்து என் தோளில் கை போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. "பரவாயில்லையேடி குருணை," என்றாள். அப்பா வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொன்னாள். அப்பா என் தலையைத் தடவினார். "அடுத்த வியாழன் நீயே பேசு," என்றார். இரவு எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைக்கச் சொன்னார். நான் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது கீழே இரண்டு அப்பாக்களும் சிரிக்கும் சத்தம். மெஷினை எங்கே வைப்பதென்று பேசுகிறார்கள். வாளி என் அறையில் படுக்க மாட்டேன் என்று கூடத்தில் படுத்திருக்கிறாள்.

அத்தையின் வீடு எனக்குத் தெரியும். பட்டறைக்குப் பின்னாலேயே ஒரே அறை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காலையில்தான். விடிவதற்குள் போய்ச் சொல்லிவிட்டால்? நான் சொன்னது பொய் அத்தை, தொண்ணூற்றெட்டு அத்தை, குடுத்துடாதீங்க... இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பேருந்துக்கு முன்னால் கிளம்பினால், அம்மா எழுந்திருப்பதற்குள் திரும்பிவிடலாம். அப்பா என்ன செய்தாலும் சரி. அதிகபட்சம் என்ன, திங்கட்கிழமைக்குள் போய்விடும். போவேன். இந்த முறை யாரிடமும் சொல்லாமல், நானே நேரில், நேராக அவர் கதவைத்

யாரோ தட்டுகிறார்கள். அப்பா தட்ட மாட்டார், அப்படியே தள்ளிக்கொண்டு வருவார். இது மெதுவாக, இரண்டு விரலால்.

"குருணை... என்னடி, இன்னும் தூங்கலையா? என்ன எழுதுற?"

நாற்காலி நகர்கிறது.

"அங்கிள்! கொஞ்சம் மேல வர்றீங்களா? இவ